‘எந்த ஜன்மத்துப் பாவம்?’ என்று கேட்கும் தாய்க்கு...

தெரிந்தவர் வீட்டுக் குழந்தைக்குப் புற்றுநோய் என்று கேள்விப்பட்டால், நம் வாயில் முதலில் வருகிற வார்த்தை எது?

‘ஐயோ பாவம்!’

அதற்கு அடுத்தபடியாக? கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்வோம்... ‘எந்த ஜன்மத்துக் கர்மாவோ!’

முதல் வார்த்தை கருணை. இரண்டாவது வார்த்தை கத்தி! அது அந்தக் குழந்தையைப் பெற்றவளின் காதில் விழுந்தால், ஏற்கெனவே ரணமாகிக் கிடக்கும் அவள் மனதை அறுத்துவிடும். நாம் சொல்லாவிட்டாலும் அவளே அதைத்தான் தனக்குள் சொல்லிக்கொண்டிருப்பாள். ‘கர்ப்பமாக இருந்தபோது கிரகணத்தன்று வெளியே போனேனே, அதனாலா? குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டதை மறந்துவிட்டேனே, அதனாலா? யார் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டேன்?’ என்று நடு ராத்திரியில், ஆஸ்பத்திரி வராந்தாவில், விடை கிடைக்காத கேள்விகளை உருட்டிக்கொண்டிருப்பாள்.

அந்தத் தாய்க்காகவும், அவளுக்குப் பக்கத்து வீட்டில் இருக்கிற உங்களுக்காகவும்தான் இந்த வாரம் பேசப்போகிறோம்.

திருச்செங்கோட்டில் நடந்தது என்ன?

திருஞானசம்பந்தர் கொங்கு நாட்டுக்கு எழுந்தருளினார். கொடிமாடச் செங்குன்றூர் என்று தேவாரம் போற்றும் திருச்செங்கோட்டில் தங்கியிருந்தார். அது பனிக்காலம். உடன் வந்த அடியார்களை நளிர் சுரம் பற்றிக்கொண்டது. ‘இந்த மண்ணின் இயல்பு இது. இந்தக் காலத்தில் இப்படித்தான் வரும்’ என்று அவர்கள் சம்பந்தப் பெருமானிடம் முறையிட்டதாகச் சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்கிறார்.

சம்பந்தர் என்ன செய்தார்? ‘அவரவர் வினை, அனுபவித்துத்தான் தீரவேண்டும்’ என்று சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குப் புறப்பட்டுவிட்டாரா? இல்லவே இல்லை!

திருநீலகண்டப் பதிகம் பாடினார். அதன் தொடக்கத்திலேயே அவர் உணர்த்துவது என்ன தெரியுமா? வினையைக் காரணம் காட்டிக் கொண்டு, அதிலிருந்து கரையேறும் வழியைத் தேடாமல் சும்மா இருந்தால், குறை நம்மிடம்தான் என்பதையே! வினை உண்டா, இல்லையா என்று அவர் வாதம் செய்யவில்லை. ‘வினை’ என்ற சொல்லை, கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதற்கான சாக்காக ஆக்காதே என்கிறார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அன்று அவருடன் வந்த அடியார்களை மட்டும் அந்த நோய் விடவில்லை. அந்த நாட்டு மக்கள் அனைவரையும் விட்டு விலகியதாகச் சொல்கிறார் சேக்கிழார். ‘என் பிள்ளை பிழைத்தால் போதும்’ என்பது பாசம். ‘இந்த வார்டில் படுத்திருக்கிற அத்தனை பிள்ளைகளும் பிழைக்கட்டும்’ என்பது பிரார்த்தனை!

ஆகவே சகோதரிகளே, ‘ஏன் வந்தது?’ என்கிற கேள்வியை அவன் திருவடியில் வைத்துவிடுங்கள். குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் பெரும்பாலானவற்றுக்கு இன்னதுதான் காரணம் என்று மருத்துவர்களாலேயே சொல்ல முடிவதில்லை. தாய் சாப்பிட்டதாலோ, சாப்பிடாததாலோ வருவதில்லை. அது ஒட்டுவாரொட்டியும் அல்ல. பக்கத்தில் உட்கார்ந்து விளையாடினால் அடுத்த குழந்தைக்குப் பரவாது. உங்கள் வீட்டுப் பிள்ளையை அங்கே போகாதே என்று தடுக்காதீர்கள்.

நண்டு பூஜித்த தலம்

புற்றுநோயை ஆங்கிலத்தில் ‘கேன்சர்’ என்கிறோம். அந்தச் சொல்லுக்கு நண்டு என்று பொருள். பழங்கால கிரேக்க மருத்துவரான ஹிப்போகிராட்டஸ், கட்டியைச் சுற்றி ரத்தக் குழாய்கள் நண்டுக் கால்களைப் போலப் பரவியிருப்பதாலோ என்னவோ, நண்டின் பெயரையே அந்த நோய்க்கு வைத்தார். நம் ஜோதிடத்தில் கடக ராசியின் சின்னமும் நண்டுதான்.

அந்த நண்டுக்கும் நம் சோழ நாட்டில் ஒரு சிவாலயம் இருக்கிறது! கும்பகோணத்துக்குப் பக்கத்தில், திருவிசநல்லூரை அடுத்து, வயல்களுக்கு நடுவே அமைந்திருக்கும் திருந்துதேவன்குடி. மக்கள் ‘நண்டாங்கோயில்’ என்பார்கள். சுவாமி கற்கடேஸ்வரர். சாபத்தால் நண்டாகப் பிறந்த ஒரு கந்தர்வன் தினமும் மலர் எடுத்து வந்து ஈசனை வழிபட்டான். அதே தலத்தில் பூஜை செய்துகொண்டிருந்த இந்திரன், ‘ஒரு நண்டு எனக்குப் போட்டியா?’ என்று வாளை ஓங்கினான். ஈசன் என்ன செய்தார்? தம் திருமேனியிலேயே துவாரம் உண்டாக்கி, அந்த நண்டை உள்ளே ஏற்றுக்கொண்டார். வெட்டு அவர் மீது விழுந்தது! துவாரத்தையும் தழும்பையும் இன்றும் தரிசிக்கலாம்.

எளியதற்கு விழ வேண்டிய அடியைத் தன் மேல் வாங்கிக்கொண்ட தெய்வம் அது. ஆஸ்பத்திரியில் ஊசி குத்தும்போது, ‘எனக்குக் குத்தக் கூடாதா சாமி!’ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுகிற தாய்க்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதே இல்லை.

இந்தத் தலத்தில் இன்னொரு வரலாறும் உண்டு. வாத நோயால் உடல் முடங்கிய சோழ மன்னன் ஒருவனிடம் வயதான மருத்துவத் தம்பதி வந்தார்கள். நீரில் திருநீற்றைக் கலந்து பருகக் கொடுத்தார்கள். மன்னன் எழுந்தான். பொன்னும் பொருளும் கொடுக்க முன்வந்தபோது மறுத்தார்கள். சிவலிங்கம் இருக்கும் இடத்தைக் காட்டி ஆலயம் எழுப்பச் சொல்லி, மறைந்துபோனார்கள். வந்தவர்கள் அம்மையும் அப்பனும்தான்! இங்கே அம்பாளுக்கு என்ன திருநாமம் தெரியுமா? அருமருந்து நாயகி!

நன்றாக யோசித்துப் பாருங்கள். ஈசன் நினைத்திருந்தால் மன்னன் படுத்திருந்த இடத்திலேயே நோயை மறையச் செய்திருக்கலாம். ஆனால், அவர் மருத்துவராக வந்தார். மருந்தைக் கொடுத்தார். மன்னனும், ‘நான் கோயிலுக்குப் போகிறேன், மருந்து வேண்டாம்’ என்று சொல்லவில்லை. வாங்கிக் குடித்தான். வைத்தீஸ்வரன்கோவிலில் வைத்தியநாதர், ஸ்ரீரங்கத்தில் தன்வந்திரி, திருவள்ளூரில் வைத்திய வீரராகவர் என்று நம் பெரியவர்கள் தெய்வத்துக்கே மருத்துவர் பெயரை வைத்தது எதற்காக? மருந்தும் அவன் கொடுப்பதே என்று நமக்குச் சொல்லத்தான்!

பூஜைப் பூவில் மருந்து

நித்யகல்யாணிப் பூ உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. ரோஜா நிறத்திலும் வெள்ளையிலும், வருஷம் முழுக்கப் பூத்துக் குலுங்கும். தொட்டியில் வைத்து, காலையில் நாலு பூ பறித்துச் சுவாமி படத்துக்கு வைக்கிறோம். சில ஊர்களில் அதே செடியைச் ‘சுடுகாட்டு மல்லி’ என்று சொல்லி ஒதுக்குவார்கள்.

அந்தச் செடியிலிருந்துதான் ‘வின்கிரிஸ்டின்’ என்கிற மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். 1963-லிருந்து அது மருத்துவர்கள் கையில் இருக்கிறது. ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு இன்றைக்கும் முதல் வாரங்களில் ஏற்றுகிற முக்கியமான மருந்துகளில் ஒன்று. சுடுகாட்டின் பெயரைச் சுமந்த பூ, குழந்தைகளைச் சுடுகாட்டுக்கு அனுப்பாமல் காக்கிறது! ஆனால் ஓர் எச்சரிக்கை. வீட்டில் அந்த இலையைக் கஷாயம் வைத்துக் கொடுத்துவிடாதீர்கள். அது விஷம். அதைச் சுத்தம் செய்து, குழந்தையின் உடல் அளவுக்கு ஏற்ப மிகக் கொஞ்சமாகக் கணக்கிட்டு, மருத்துவர்கள்தான் கொடுக்க வேண்டும்.

ஆலகாலத்தை ஈசன் அருந்தியபோது, அம்பிகை அவர் கழுத்தில் கை வைத்து, விஷத்தை அங்கேயே நிறுத்தினாள் அல்லவா? விஷம் அங்கே உலகைக் காக்கும் ஆபரணமாயிற்று. அளவோடு நிறுத்தத் தெரிந்த கை இருந்தால் விஷமும் மருந்தாகும். கீமோதெரபி என்பதும் அப்படித்தான்.

இன்னொரு மருந்தின் கதையையும் சொல்ல வேண்டும். எல்லாப்பிரகட சுப்பாராவ், 1895-ல் ஆந்திரத்தின் பீமவரத்தில் பிறந்தவர். சென்னையில் படித்தார். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் மூன்றாவது முயற்சியில்தான் தேறினார். துறவியாகிவிட விரும்பினார். தாயார் சம்மதிக்கவில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து மருத்துவம் படித்து, 1923-ல் அமெரிக்கா போனார். அங்கே அவர் தலைமையில் இயங்கிய ஆய்வுக் குழுவிடமிருந்து வந்த மருந்தைத்தான், பாஸ்டன் நகரில் டாக்டர் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1948-ல் அவர் வெளியிட்ட அறிக்கைப்படி, 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தணிந்தது. தற்காலிகமாகத்தான்! ஆனாலும், அதுவரை எந்த வழியும் தெரியாமல் இருந்த நோயில் முதல் கதவு திறந்தது அப்போதுதான். அந்த வழியில் வந்த ‘மெத்தோட்ரெக்ஸேட்’ இன்றும் பயன்படுகிறது. அதே 1948-ல் சுப்பாராவ் காலமானார்.

ஒரு தாய், தன் பிள்ளை சந்நியாசம் போகக் கூடாது என்று தடுத்தாள். உலகத்தில் எத்தனையோ தாய்மாரின் பிள்ளைகள் பிழைத்தார்கள்! தெய்வ சங்கல்பத்தை யார் அறிவார்?

மண்டலத்தைப் பாதியில் விடலாமா?

எந்தத் தெருவிலும் இருக்கக்கூடிய ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கணவருக்குத் தனியார் கம்பெனியில் வேலை. வாடகை வீடு. மூத்தவள் ஆறாவது படிக்கிறாள். சின்னவனுக்கு ஐந்து வயது. அடிக்கடி ஜுரம், முகம் வெளிறிப் போகிறது, கால் வலிக்கிறது என்று அழுகிறான், அடிபடாமலே உடம்பில் நீல நீலமாகத் தடிப்பு. பாட்டி திருஷ்டி சுற்றிப் போட்டாள். பிறகு ரத்தப் பரிசோதனை. அதற்குப் பிறகு எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை. குழந்தைகளுக்கு அதிகமாக வருகிற ‘ஏ.எல்.எல்.’ என்கிற ரத்தப் புற்றுநோய்.

இதற்கான சிகிச்சை சுமார் இரண்டரை, மூன்று வருஷம். முதல் ஒரு மாதம் கடுமையானது. அதன் முடிவில் பரிசோதனை செய்தால், பெரும்பாலான குழந்தைகளுக்கு நோய் அணுக்கள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறைந்துவிடும். குழந்தை ஓடியாடத் தொடங்கும். இங்கேதான் ஆபத்து!

‘குணமாகிவிட்டதே! இன்னும் எதற்கு ஊசி? கையில் இருந்த பணமும் கரைந்துவிட்டது. ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய்விடலாம். நாட்டு வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். நம் தாயும் தயங்குவாள்.

“அத்தை, ஐயப்பனுக்கு மாலை போட்டுக்கொண்டு இருபதாவது நாளே உடம்பும் மனசும் தெளிவாகிவிட்டது என்று யாராவது மாலையைக் கழற்றுவார்களா? ஒரு மண்டலம் என்றால் ஒரு மண்டலம்தானே?” என்று அவள் மாமியாரிடம் கேட்கட்டும். மாமியாருக்குப் புரிந்துவிடும்.

ஆம்! தணிந்திருப்பது வேறு, தீர்ந்திருப்பது வேறு. மஜ்ஜைக்குள் ஒளிந்திருக்கிற கடைசி அணுவையும் அழிக்கத்தான் மீதி இரண்டு வருஷங்கள். அந்தக் காலத்தில் பெரும்பாலான நாட்கள் குழந்தை வீட்டில்தான் இருக்கும். தினமும் மாத்திரை. கொடுக்க வேண்டியது தாய். சாயந்திரம் விளக்கேற்றுவதை எப்படி ஒரு நாளும் தவறவிட மாட்டீர்களோ, அதே நியமத்தோடு அந்த மாத்திரையைக் கொடுங்கள். அதுவும் நித்திய பூஜைதான்!

உலக சுகாதார நிறுவனம் சொல்கிற கணக்கு ஒன்று நம்மை உலுக்குகிறது. வசதி படைத்த நாடுகளில் புற்றுநோய் வந்த குழந்தைகளில் 80 சதவிகிதத்துக்கும் மேல் குணமாகிறார்கள். வசதி குறைந்த பல நாடுகளில் 30 சதவிகிதத்துக்கும் கீழே! நோய் ஒன்றுதான். மருந்தின் பெயரும் ஒன்றுதான். தாமதமாகக் கண்டுபிடிப்பதும், மருந்து கிடைக்காததும், பாதியில் நிறுத்துவதும்தான் காரணங்களில் முக்கியமானவை. 2030-க்குள் உலகம் முழுக்கக் குறைந்தது 60 சதவிகிதக் குழந்தைகளாவது பிழைக்க வேண்டும் என்று அந்த நிறுவனம் 2018-ல் இலக்கு வைத்தது. இந்த இலக்கில் நம் வீட்டுப் பெண்களுக்கும் பங்கு உண்டு.

தாலிக்கொடி தராசுக்குப் போகும்போது...

இப்போது பணத்தைப் பற்றிப் பேசுவோம். ஆன்மிகப் பத்திரிகையில் பணக் கணக்கா என்று நினைக்காதீர்கள். பாதி சிகிச்சையில் குடும்பங்கள் உடைந்துபோவது இங்கேதான்.

மருந்துச் செலவு ஒரு பக்கம். ஆஸ்பத்திரிக்குப் போக வர ஆட்டோ, வெளியூர்க்காரர்களானால் தங்கும் அறை வாடகை, சாப்பாடு, லீவு போட்டுப் போட்டு அப்பாவின் சம்பளத்தில் விழுகிற வெட்டு... இவை எந்த பில்லிலும் வராத செலவுகள். முதலில் வளையல் போகும். பிறகு ஆரம். கடைசியில் தாலிக்கொடி. மஞ்சள் கயிற்றில் தாலியைக் கோத்துக்கொண்டு திரும்பி வருவாள். அதில் அபசகுனம் எதுவும் இல்லை, தாயே! மங்கலம் தங்கத்தில் இல்லை. அந்த மஞ்சள் கயிறு, உங்கள் மகாலட்சுமி ஆஸ்பத்திரிக்குப் போய்க் குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள் என்பதற்கு அடையாளம்.

ஆனால், நகையைத் தொடுவதற்கு முன்னால் சில கதவுகளைத் தட்டுங்கள். சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையில் இதற்கான சிகிச்சை உண்டு. காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசின் அண்ணா புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. 2012-ல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சையும் அடக்கம். அதற்கு வருமான வரம்பு உண்டு. ரேஷன் கார்டு, ஆதார், கிராம நிர்வாக அலுவலர் தரும் வருமானச் சான்று இவற்றோடு கலெக்டர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போக வேண்டும். திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகளிலும் அந்த அட்டை செல்லும். பிரதமரின் தேசிய நிவாரண நிதியிலிருந்தும் ஏழை நோயாளிகளின் புற்றுநோய் சிகிச்சைக்கு உதவி கேட்டு விண்ணப்பிக்கலாம். சிகிச்சைக்காக ரயிலில் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர் வகுப்பிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் டிக்கெட் இலவசம். துணைக்குப் போகிறவருக்கு 75 சதவிகிதச் சலுகை. ஆஸ்பத்திரியில் அதற்கான சான்றிதழ் வாங்கிக்கொள்ள வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிகளில் இதையெல்லாம் எடுத்துச் சொல்ல சமூகநலப் பணியாளர் இருப்பார். முதல் வாரத்திலேயே அவரைப் பாருங்கள். கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. கந்துவட்டிக்கு மட்டும் வாங்காதீர்கள்.

அடுத்தது, பரிகாரம். குழந்தை படுத்துவிட்டது என்று தெரிந்தவுடன், ‘இத்தனை ஆயிரம் கொடுத்தால் ஹோமம் பண்ணி நோயை இறக்கிவிடுகிறேன்’ என்று சொல்ல ஆள் வந்துவிடுவார்கள். மருத்துவத் தம்பதியாக வந்த அம்மையப்பர் மன்னன் கொடுத்த பொன்னையே வேண்டாம் என்று சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள். நோயைக் காட்டிப் பணம் கேட்பவர் அவர்களுடைய தூதுவராக இருக்க முடியாது. மருந்தை நிறுத்தச் சொல்கிறவரோ, நிச்சயமாக இல்லை!

‘திருப்பதிக்கு வேண்டிக்கொண்டேனே, போக முடியவில்லையே’ என்று தவிக்கிறீர்களா? நம் பாட்டிமார் வழி சொல்லி வைத்திருக்கிறார்கள். ஒரு ரூபாய் நாணயத்தை மஞ்சள் துணியில் முடிந்து, பெருமாள் படத்துக்கு முன்னால் வையுங்கள். ‘குழந்தையை நடக்கவைத்துக் கூட்டிக்கொண்டு வருகிறேன்’ என்று சொல்லிவிடுங்கள். அவர் காத்திருப்பார். சுவாமி வட்டி கேட்பதில்லை.

முடி காணிக்கை வேண்டியிருந்தால்? கீமோதெரபியில் குழந்தையின் முடி தலையணையில் கொத்துக் கொத்தாக உதிருமே... அதைவிடப் பெரிய காணிக்கை ஏது? எல்லாம் முடிந்த பிறகு மறுபடி அடர்த்தியாக வளரும். அப்போது போய் அந்த வேண்டுதலை நிறைவேற்றுங்கள்.

தீர்த்தமும் பிரசாதமும்

இதை ஒவ்வொரு தாயும் பாட்டியும் தெரிந்துகொள்ள வேண்டும். கீமோதெரபி நடக்கும்போது, கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் குறைந்துவிடும். நமக்கு ஒன்றும் செய்யாத கிருமி, அந்தக் குழந்தைக்கு உயிரை எடுக்கிற பகைவன்.

எனவே அந்த நாட்களில் கோயில் தீர்த்தத்தைக் குழந்தைக்குப் புகட்ட வேண்டாம். திறந்துவைத்த பஞ்சாமிர்தம், நறுக்கிய பழம் வேண்டாம். பூமாலையை வார்டுக்குள் கொண்டுபோக வேண்டாம். திருவிழாக் கூட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். தீர்த்தத்தை நீங்கள் குழந்தைக்காக அருந்துங்கள். திருநீற்றைக் கையைக் கழுவிக்கொண்டு நெற்றியில் மெல்ல இட்டால் போதும். வீட்டில் சுடச்சுடச் செய்த சாதத்தைக் கண்மூடி நிவேதனம் செய்து ஊட்டுங்கள். அதுவே பிரசாதம்.

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், அது நடு ராத்திரியானாலும், ராகு காலமானாலும், உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். மாத்திரை கொடுத்துவிட்டு விடியும்வரை பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள்.

தாயுமானவர் யார் உருவில் வந்தார்?

திருச்சிராப்பள்ளியில் ரத்னாவதி என்ற பெண்ணுக்குப் பேறுகாலம். பூம்புகாரிலிருந்து வந்துகொண்டிருந்த தாய், காவிரியில் வெள்ளம் புரண்டதால் அக்கரையில் நின்றுவிட்டாள். மலைக்கோட்டை ஈசன் தாயின் உருவத்திலேயே வந்து, பிரசவம் பார்த்து, பத்தியம் வைத்துக் காத்தார். வெள்ளம் வடிந்து பெற்றவள் வந்த பிறகுதான், வந்தது யார் என்று தெரிந்தது. அதனால்தான் அவர் தாயுமானவர்!

கதையில் ஈசன் பிரசங்கம் செய்தாரா? ‘உன் அம்மா வராதது உன் வினை’ என்றாரா? வெந்நீர் வைத்தார், மருந்து அரைத்தார், பிள்ளையை ஏந்தினார். ஒரு வீட்டுப் பெண் செய்கிற வேலைகள் அத்தனையையும் தெய்வம் செய்தது!

உங்கள் தெருவில் அந்தக் குடும்பம் இருந்தால், நீங்கள்தான் தாயுமானவர். ‘ஏதாவது வேணும்னா சொல்லும்மா’ என்று சொல்லிவிட்டு வராதீர்கள். அவள் சொல்ல மாட்டாள். ‘செவ்வாயும் வெள்ளியும் உங்க வீட்டுக்கு ராத்திரி சாப்பாடு நான் கொடுத்தனுப்பறேன்’ என்று சொல்லுங்கள். அந்த மூத்த பெண்ணை நினைத்துப் பாருங்கள். வீட்டில் எல்லோர் கண்ணும் தம்பி மேல். அவள் பரீட்சை எழுதினாளா, சாப்பிட்டாளா என்று கேட்க ஆள் இல்லை. ‘ஸ்கூல் விட்டதும் எங்க வீட்டுக்கு வந்துடு கண்ணு, நம்ம வீட்டுப் பிள்ளைகளோட உட்கார்ந்து படி’ என்று கூப்பிடுங்கள். ஒரு மாதத்துக் கரன்ட் பில்லைக் கட்டிவிட்டு, பேச்சே எடுக்காமல் இருங்கள்.

பணம் இல்லாதவர்கள் ரத்தம் கொடுக்கலாம். இந்தக் குழந்தைகளுக்கு ‘பிளேட்லெட்’ எனப்படும் ரத்தத் தட்டணுக்கள் அடிக்கடி தேவைப்படும். சேமித்து வைத்தால் அவை ஐந்து நாள்தான் தாங்கும். அதனால் எப்போதும் புதிதாக யாராவது கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். 18 வயது நிறைந்து, ஆரோக்கியமாக, ஹீமோகுளோபின் 12.5-க்குக் குறையாமல் இருக்கும் பெண்கள் ரத்த வங்கியில் கேட்டுப் பார்க்கலாம். அபிஷேகத்துக்குப் பால்குடம் எடுக்கிற கை, இதற்கும் நீளட்டும்.

பெண்கள் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சென்னையிலேயே சாட்சி இருக்கிறது. 1923-ல் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவர் முன்நின்று, இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் நிதி திரட்டி, 1954-ல் உருவாக்கியதுதான் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. வெறும் 12 படுக்கைகளோடு தொடங்கியது. அடுத்த வருஷம் அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021 ஜனவரியில் மறையும்வரை அந்த வளாகத்தையே வீடாக்கிக்கொண்டு சேவை செய்தார். உங்கள் பஜனை மண்டலியில், விளக்கு பூஜைக் குழுவில், மாதம் ஆளுக்கு நூறு ரூபாய் எடுத்து வைத்தால், ஒரு குடும்பத்தின் ஆட்டோச் செலவாவது தீராதா?

கேட்டது கிடைக்காவிட்டால்?

எல்லாக் குழந்தைகளும் பிழைத்துவிடுவதில்லை. இதைச் சொல்லாமல் முடித்தால் அது பொய்யாகிவிடும். வேளை தவறாமல் மருந்து கொடுத்து, எல்லாக் கோயிலும் வேண்டி, வீட்டையும் விற்று, கடைசியில் வெறுங்கையோடு திரும்புகிற தாயும் இருக்கிறாள்.

அவளிடம் போய், ‘உன் பக்தி போதவில்லை’ என்று சொல்லிவிடாதீர்கள். ‘இந்த ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம், அந்தப் பரிகாரம் செய்திருக்கலாம்’ என்று சொல்லாதீர்கள். நண்டுக்கு விழ வேண்டிய வெட்டைத் தாங்கிய ஈசன், அவளுடைய குழந்தையையும் தன் மேனிக்குள் ஏற்றுக்கொண்டிருக்கிறான். அவள் கொடுத்த ஒவ்வொரு மாத்திரையும், விழித்த ஒவ்வொரு இரவும் பூஜையாகவே அவனைச் சேர்ந்துவிட்டன. பூஜை வீண் போவதில்லை. குழந்தையின் பெயரை அவள் சொல்லும்போது பேச்சை மாற்றாமல் கேட்டுக்கொண்டிருங்கள். வருஷத் திவசத்தன்று போய், ஒரு வேளை பக்கத்தில் இருங்கள். அவள் ஈசனிடம் கோபித்துக்கொண்டு ஒரு வருஷம் கோயில் பக்கமே வராவிட்டாலும், தவறில்லை. பிள்ளையின் கோபத்தைத் தாங்காத தாய் உண்டா? அம்பாள் காத்திருப்பாள்.

இன்று மாலை விளக்கேற்றும்போது...

உங்கள் வீட்டில் எல்லோரும் சௌக்கியம்தானே? அந்தப் பரிபூரண நன்றியோடு இன்று மாலை விளக்கேற்றுங்கள். பூ பறிக்கும்போது ஒரு நித்யகல்யாணியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதை அருமருந்து நாயகியின் திருநாமத்தைச் சொல்லிச் சமர்ப்பியுங்கள். பெயர் தெரியாத ஏதோ ஒரு வார்டில், கையில் ஊசி குத்திய கட்டோடு தூங்கிக்கொண்டிருக்கிற ஒரு குழந்தைக்காக, ஒரே ஒரு நிமிஷம் கண்ணை மூடுங்கள்.

‘தாயே! அந்த மருந்தில் நீ இரு. அந்த டாக்டரின் கையில் நீ இரு. விழித்திருக்கும் அந்தத் தாயின் பக்கத்தில் நீ இரு. அங்கே நான் செய்ய வேண்டியது ஏதாவது இருந்தால், என்னையும் அனுப்பு!’

கடைசி வரியை மட்டும் யோசித்துச் சொல்லுங்கள். அம்பாள் அனுப்பிவிடுவாள்!

திருந்துதேவன்குடி தரிசனக் குறிப்பு

தலம்: கும்பகோணத்துக்கு அருகே, திருவிசநல்லூரை அடுத்துள்ளது.

சுவாமி: கற்கடேஸ்வரர். அம்பாள்: அருமருந்து நாயகி, அபூர்வ நாயகி என இரண்டு சந்நிதிகள்.

சிறப்பு: சம்பந்தர் பாடிய தலம். கடக ராசிக்காரர்களும் ஆயில்ய நட்சத்திரக்காரர்களும் வழிபட வேண்டிய தலம். நல்லெண்ணெய் அபிஷேகம் இங்கே விசேஷம்.

கவனத்துக்கு: சிகிச்சையில் இருக்கும் குழந்தையை அலைக்கழிக்க வேண்டாம். வீட்டில் வேறு யாராவது போய்க் குழந்தையின் பெயர், நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்தால் போதும். சிகிச்சை முடிந்து, டாக்டர் சம்மதித்த பிறகு, குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு போய் நன்றி சொல்லுங்கள்.